பெயரே பாட்டு

வணக்கம்.

ஒரு வார்த்தை சொல்கிறேன்: வாண்டூ. சிரிக்கிறீர்கள். நமக்கு அது ஓரிடத்தில் நிற்காத பொடிப்பயல். ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலையில் வாழும் நூங்கார் பழங்குடி மக்களுக்கு அது வெள்ளைப் பட்டை போர்த்திய ஒரு மரம். நீலகிரியில் நாம் தைலமரம் என்று ஒரே பெயரில் முடித்துவிடுகிறோமே, அந்த யூகலிப்டஸில் 700 வகைக்கு மேல் உண்டு. நூங்கார் மொழி தந்த பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: ஜாரா, கர்ரி, மர்ரி, டூவார்ட். ஜதி சொல்வது மாதிரி இருக்கும்.

ஓசை நன்றாக இருந்தால் பாட்டுக்காரன் சும்மா விடுவானா? 1895-இல் பாஞ்சோ பேட்டர்சன் எழுதிய 'வால்ட்சிங் மட்டில்டா'வில் ஒரு நாடோடி பில்லபாங் என்கிற குட்டையின் கரையில், கூலபா மர நிழலில் உட்கார்ந்திருப்பான். கூலபா யுவாலராய் மொழிச் சொல், பில்லபாங் விராஜுரி மொழிச் சொல்; இரண்டும் பழங்குடி மொழிகள். ஆஸ்திரேலியாவே பாடுகிற அந்தப் பாட்டில் அந்தச் சொற்களுக்கு உரியவர் ஒருவர்கூட வருவதில்லை. 1946-இல் ஜான் அன்டில் 'கொரோபரி' (பழங்குடிகளின் ஆடல்பாடல் கூடல்) என்று ஒரு பெரிய வாத்தியக்குழு இசையைக் கொடுத்தார். அசத்தலான இசைதான். ஆனால் அங்கேயும் தலைப்பு மட்டும்தான் அவர்கள் மொழி. மேடை வேறு யாருடையதோ.

இன்னொரு வேடிக்கை. கோவானா என்பது அசல் பழங்குடிப் பெயர் போலவே ஒலிக்கும். நம் கஞ்சிராவுக்குத் தோல் கொடுத்த உடும்பின் உறவுக்காரன்தான் அது. பெயர் மட்டும் 'இகுவானா' மருவி வந்தது!

சரி, வடக்கே ஆர்ன்ஹெம் லாண்டுக்கு வருவோம். யோல்ங்கு மக்களின் குழலை உலகம் டிஜெரிடூ என்கிறது. ஓசையைக் கேட்டு வெளியார் ஒட்டவைத்த பெயர் அது என்பார்கள். யோல்ங்கு வாயில் அது யிடாக்கி. செய்கிறவர் நார்ப்பட்டை யூகலிப்டஸ் நிற்கும் காட்டுக்குள் போகிறார். கறையான் சில மரங்களின் வைரத்தைத் தின்று உள்ளே குழாயாக்கி வைத்திருக்கும். எந்த மரத்தில்? அடிமரத்தைத் தட்டிவிட்டுக் காதைக் கொடுக்கிறார். 'திண்' என்றால் நடையைக் கட்டுவார்; 'தொம்' என்றால் நிற்பார். பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்து வாங்குகிற நமக்கு இது புரியாதா என்ன! அப்புறம் வெட்டி, பட்டை உரித்து, உள்ளே மிச்சமிருக்கும் கறையான் மண்ணைக் குத்தித் தள்ளி, ஊதும் முனைக்குத் தேன்மெழுகு பூசுகிறார்கள்.

அந்த யிடாக்கியோடும் பில்மா என்ற தட்டுக்கட்டைகளோடும் பாடுவது மணிகாய். அதில் நாம் பழகிய மாதிரிக் கதையைத் தேடினால் ஏமாந்துபோவோம். பெயர்கள்தான் பாட்டு. உப்புநீர் முதலைக்கு 'பாரு' என்பது அன்றாடப் பெயர்; பாட்டில் அதற்கு வேறு பெயர்களும், அது வாழும் நீரின் பெயர்களும் அடுக்கடுக்காக வரும். நம் நாமாவளி நினைவுக்கு வந்தால் தப்பில்லை. ஆனால் நாமாவளியை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். இங்கே எந்தப் பெயரை எந்தக் குலம் பாடலாம் என்பதற்கு உரிமை உண்டு. குமாட்ஜ் குலத்துக்கு முதலை மூதாதை. ஆதியில் தீயில் வெந்த அதன் முதுகில் இன்றும் அந்தத் தழும்புதான் சாய்சதுரக் கட்டங்களாக இருக்கிறது என்பார்கள். அவர்களுடைய மரப்பட்டை ஓவியங்களிலும் அதே கட்டங்கள்.

அந்தக் குலத்தவர் முன்நின்று நடத்திய யோத்து யிண்டி குழுவின் 1991 இசைத்தொகுப்பில் முதலை மனிதனுக்கு ஒரு பாட்டு. அடுத்தது 'தார்பா', அதாவது மரம். எலெக்ட்ரிக் கிதாருக்கு நடுவில் யிடாக்கி உறுமும். இரவல் தலைப்பு இல்லை. பெயருக்கு உரியவரே பாடுகிறார்.

அதே குலத்தில் பார்வையில்லாமல் பிறந்த ஒருவர் இன்னும் ஒரு படி போனார். 2018-இல் வெளிவந்த அவரது 'ஜாரிமிரி' இசைத்தொகுப்பில் செல்லோக்கள் யிடாக்கியின் தாளக்கட்டை எடுத்து வாசிக்கின்றன. அதன்மேல் காகம், ஆக்டோபஸ், பாரு என்று மணிகாய் போகிறது. பழங்குடி மொழித் தொகுப்பு ஒன்று ஆஸ்திரேலியத் தரவரிசையில் முதலிடம் பிடித்தது அதுதான் முதல் தடவை. பாடியவர் அதைப் பார்க்கவில்லை. 2017 ஜூலையில், 46 வயதில் போய்விட்டார்.

இறந்தவர் பெயரைச் சொல்வதில்லை, படத்தைக் காட்டுவதில்லை என்பது யோல்ங்கு வழக்கம். அவர் விஷயத்தில் குடும்பம் விதிவிலக்கு கொடுத்தது. அதனால்தான் இந்த மேடையில் என்னால் சொல்ல முடிகிறது: ஜெஃப்ரி குருமுல் யூனுபிங்கு.