சீரியல் கடைசி எபிசோடு: வீட்டிலேயே ரியாக்‌ஷன் வீடியோ எடுக்கிற முறை

[காட்சி: புதுச்சேரி, முதலியார்பேட்டை. சின்ன கூடம். டிவி ஃபிரேமுக்கு வெளியே இருக்கு.]

வணக்கம். வருஷக்கணக்கா பார்த்த ஒரு சீரியல் முடியப்போகுது. கடைசி எபிசோடை வீட்ல எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து பார்க்கிறதை வீடியோவா எடுக்கணும்னா என்னென்ன பண்ணணும்? புதுச்சேரி, கடலூர் பக்கத்து வீடுகளை மனசில வச்சுத்தான் சொல்றோம். கூடம் சின்னது, ஃபேன் இல்லாம உட்கார முடியாது, அடுத்த வீட்டு டிவி நம்ம வீட்டுக்குள்ள கேட்கும்.

முதல்ல ஒண்ணை முடிவு பண்ணிடுங்க. டிவி திரை வீடியோவில வரவே கூடாது. சீரியலை எல்லாரும் பார்த்திருப்பாங்க. அதைப் பார்க்கிறவங்க முகத்துக்காகத்தான் உங்க வீடியோவுக்கு வர்றாங்க. அதனால கேமராவை டிவிக்குப் பக்கத்துல, பார்க்கிறவங்க கண் உயரத்துல வைங்க. டிவிக்கு மேல வச்சா எல்லாரும் குனிஞ்சு இருக்கிற மாதிரி தெரியும்.

[காட்சி: காலர் மைக், பஞ்சு உறையோட, நெருக்கத்தில்.]

படத்தைவிடச் சத்தம்தான் மாட்டிவிடும். பின்னணியில லேசா ஓடுற டைட்டில் பாட்டைக்கூட யூடியூபோட கன்டென்ட் ஐடி, அதாவது அடுத்தவங்களுக்கு உரிமையான பாட்டையும் வீடியோவையும் தானா அடையாளம் காணுற கருவி, கண்டுபிடிச்சிடும். பத்து செகண்டுக்குள்ள இருந்தா ஒண்ணும் ஆகாதுன்னு பலர் சொல்வாங்க. அப்படி ஒரு விதியே கிடையாது. 1957 பதிப்புரிமைச் சட்டத்தோட 52வது பிரிவு விமர்சனத்துக்காக எடுத்துக்க இடம் கொடுக்குது, ஆனா இத்தனை செகண்டுன்னு அளவு எதுவும் சொல்லலை.

அதனால டைட்டில் பாட்டு ஓடும்போது டிவியை மியூட் பண்ணுங்க. கடைசி எபிசோட்ல நடிகர்களும் டெக்னீஷியன்களும் நன்றி சொல்ற இடத்திலயும் அதே பாட்டு வரலாம், ரிமோட்டைக் கையிலயே வச்சிருங்க. மத்த நேரத்துல டிவி சத்தத்தை வசனம் புரியுற அளவுக்கு மட்டும் வைங்க. காது மந்தமா இருக்கிற பெரியவங்களை டிவிக்குப் பக்கத்துல உட்கார வச்சிட்டா சத்தத்தைக் கூட்ட வேண்டியதில்லை.

காலர் மைக் முகவாய்க்கு ஒரு சாண் கீழே இருக்கணும். கஞ்சி போட்ட காட்டன் புடவைல மைக் உரசி கரகரன்னு கேட்கும். பின்பக்கம் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி துணி மேல அசையாம நிறுத்துங்க. ஸ்டாண்ட் ஃபேன் வேண்டாம், அதோட காத்து நேரா மைக்ல அடிக்கும். சீலிங் ஃபேனை ரெண்டுல வச்சு, மைக்குக்குப் பஞ்சு உறை போட்டா போதும்.

அடுத்தது வெளிச்சம். லைட்டை அணைச்சிட்டுப் பார்த்தா முகத்துல டிவி வெளிச்சம் மட்டும் விழும். கதைல ஃபிளாஷ் அடிக்கிறப்போ எல்லாம் போன் தானா எக்ஸ்போஷரை, அதாவது படத்தோட வெளிச்ச அளவை, மாத்தும், முகம் பளிச்சுன்னு வெளுத்து அப்புறம் கறுத்துப்போகும். கூடத்து லைட்டைப் போட்டுடுங்க. திரைல முகத்தை விரலால அழுத்திப் பிடிச்சு ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் லாக் பண்ணுங்க. டியூப்லைட்ல பட்டை பட்டையா ஓடினா ஷட்டரை 1/50 இல்லேன்னா 1/100க்கு மாத்துங்க. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதோட அது ஒத்துப்போகும்.

போனை ஏரோபிளேன் மோடில போடுங்க. முக்கியமான இடத்துல சித்தப்பா கால் பண்ணினா ரெக்கார்டிங் நின்னுபோக வாய்ப்பிருக்கு. 1080ல ஒரு மணி நேரம் எடுக்க சுமார் 8 ஜிபி காலியா வைங்க. சார்ஜர் சொருகியே இருக்கட்டும்.

எதுல பார்க்கிறீங்கங்கிறதும் முக்கியம். செயலியில ஓடுற நேரலை கேபிளைவிடச் சில செகண்ட் பின்தங்கி வரும். நீங்க செயலியில, பக்கத்து வீட்டம்மா கேபிள்ல பார்த்தா, அவங்க "ஐயையோ"ன்னு கத்துறது உங்களுக்கு முன்கூட்டியே கேட்டுடும். முடிவு வர்றதுக்கு முன்னாடியே முகம் மாறிடும், அதை எடிட்டிங்ல சரி பண்ணவே முடியாது. கேபிள் இருந்தா கேபிள்லயே பாருங்க. கேபிள் இல்லாம டிஷ் வச்சிருந்தா, ஐப்பசி, கார்த்திகை மழைல சிக்னல் போயிடும், அப்போ மட்டும் செயலியைக் கைவசம் வைங்க.

[காட்சி: பாயில் உட்கார்ந்த ஒரு அம்மாவோட கை. முந்தானை நுனி.]

ஃபிரேம் இடுப்பு வரைக்கும் இருக்கட்டும். ரியாக்‌ஷன்னா முகம்னு நினைச்சு நெருக்கமா வைக்கிறாங்க, அதுல பாதி விஷயம் போயிடுது. இத்தனை வருஷம் கொடுமை பண்ணின மாமியார் மன்னிப்பு கேட்கிறப்போ, பார்க்கிறவங்க முகம் கல்லு மாதிரி இருக்கும். கை மட்டும் முந்தானை நுனியைச் சுருட்டிச் சுருட்டி அவிழ்க்கும். அந்தக் கைதான் வீடியோ.

ஒருத்தர் நோட்டோட உட்காரட்டும். ரெக்கார்டிங் ஆரம்பிச்சதும் ஒரு கைதட்டு, அதுதான் பூஜ்யம். அங்கிருந்து எந்த நிமிஷம் எந்தக் காட்சின்னு எழுதிட்டே வரணும். திரை காட்டப்போறது இல்லையே, அதனால "கோர்ட் காட்சி", "வளைகாப்பு"ன்னு எடிட்டிங்ல எழுத்தாப் போடணும். இது இல்லைன்னா பார்க்கிறவங்களுக்கு எதுக்கு அழறாங்கன்னே தெரியாது.

எபிசோடு முடிஞ்சதும் கேமராவை நிறுத்திடாதீங்க. சண்டை அதுக்கப்புறம்தான் ஆரம்பிக்கும். "நல்லா இருந்துச்சா?"ன்னு கேட்டா "ம், இருந்துச்சு"தான் பதில் வரும். "அத்தை, அவனை அவ மன்னிச்சது சரின்னு படுதா?"ன்னு கேளுங்க. "அந்தச் சொத்துப் பத்திரம் என்னாச்சு?"ன்னு கேளுங்க. முடியுற தேதி குறிச்சாச்சுன்னா, ஒரு வாரம் இழுத்திருக்கக்கூடிய விஷயத்தை ரெண்டு நிமிஷத்துல முடிக்க வேண்டியிருக்கும். விட்டுப்போன கதைகள் நிறைய இருக்கும். முந்தின வாரமே அந்தப் பட்டியலை எழுதி வைங்க.

'கோலங்கள்' மாதிரி 2003ல ஆரம்பிச்சு 2009 வரைக்கும் ஓடின தொடர்னா, முதல் நாளிலிருந்து பார்த்தவர் யாருன்னு கேட்டு அவருக்கு மைக் கொடுங்க. ஆரம்பத்துல அந்தப் பொண்ணு எப்படி இருந்தாங்கிறதோட முடிவை ஒப்பிட அவராலதான் முடியும்.

குறை சொன்னா எதுல குறைன்னு பிரிச்சுச் சொல்ல வைங்க. 'எதிர்நீச்சல்'ல ஆதி குணசேகரனா நடிச்ச மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்னிக்குக் காலமானார், அப்புறம் வேல ராமமூர்த்தி அந்த வேஷத்துக்கு வந்தார். 2024 ஜூன்ல தொடர் முடிஞ்சப்போ "முன்ன மாதிரி இல்லை"ன்னு ஒருத்தர் சொன்னா, நடிகரைச் சொல்றாரா, எழுத்தைச் சொல்றாரான்னு கேட்டே ஆகணும். ரெண்டையும் குழப்பினா புதுசா வந்தவருக்கு அநியாயம். "இனிமே இவங்களைப் பார்க்கவே முடியாது"ன்னு தலைப்பும் வைக்காதீங்க; அதே வருஷம் டிசம்பர்ல ரெண்டாம் பாகம் ஆரம்பிச்சிடுச்சு.

வெளியில கருத்து கேட்கணும்னா புதுச்சேரி கடற்கரைச் சாலை நல்ல இடம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வண்டி விட மாட்டாங்க, ஹாரன் சத்தம் இருக்காது. ஆனா கடல் காத்து பலமா இருக்கும். பேசுறவர் முதுகு கடலைப் பார்த்து இருந்தா அவர் உடம்பே மைக்குக்கு மறைப்பு. போடுறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தர்கிட்டயும் அவங்க பகுதியைக் காட்டிச் சம்மதம் வாங்குங்க. அழுத முகத்தை வேண்டாம்னு சொன்னா எடுத்துடுங்க.

[காட்சி: யூடியூப் ஸ்டுடியோ திரை.]

ஏத்தினதும் கிளைம், அதாவது "இது எங்க பாட்டு"ன்னு உரிமைக்காரர் பேர்ல வர்ற அறிவிப்பு, வந்தா பதறாதீங்க. கிளைம் வேற, வீடியோவையே எடுத்துட்டுச் சேனலுக்கு எச்சரிக்கை போடுற ஸ்ட்ரைக் வேற. கிளைம்ல பெரும்பாலும் விளம்பரக் காசு உரிமைக்காரருக்குப் போகும். 90 நாளுக்குள்ள மூணு ஸ்ட்ரைக் வந்தாத்தான் சேனலுக்கே ஆபத்து. எந்த நிமிஷத்துக்குக் கிளைம்னு அங்கேயே காட்டும். மியூட் பண்ண மறந்த டைட்டில் பாட்டுன்னா, மறுபடி ஏத்தாமலே ஸ்டுடியோவில அந்தத் துண்டை மட்டும் மியூட் பண்ணலாம். விமர்சனத்துக்காக எடுத்த வசனம்னு உறுதியா இருந்தா மட்டும் மறுப்பு அனுப்புங்க. 30 நாளுக்குள்ள உரிமைக்காரர் பதில் சொல்லலைன்னா கிளைம் விலகிடும்.