ஃபைபர் படகு வாங்கப் போகிறீர்களா? பின்பலகையிலிருந்து ஆரம்பியுங்கள்

[திரையில்: மணலில் ஏற்றி வைத்த 28 அடி ஃபைபர் படகு, பின்பக்கம் மட்டும்]

வணக்கம். படகு வீடியோ என்று சொல்லிவிட்டு முன்பக்கமான அணியத்தைக் காட்டாமல் பின்பக்கத்தைக் காட்டுகிறேன், அதற்குக் காரணம் இருக்கிறது. ஃபைபர் வாங்கப் போகிறவர்கள் முதலில் பெயின்ட்டைப் பார்க்கிறார்கள், அப்புறம் எத்தனை ஹெச்பி எஞ்சின் போடலாம் என்று கேட்கிறார்கள், அந்த எஞ்சின் மொத்தமும் தொங்கப்போகிற பின்பலகையை மட்டும் குனிந்து பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள். முதலில் படகை முடிவு செய்யுங்கள், அதிலும் இந்தப் பலகையிலிருந்து ஆரம்பியுங்கள். எஞ்சின் அதற்கப்புறம்தான்.

எங்கள் சித்தப்பா ஒரு பழைய படகு எடுத்தார். பளபளவென்று பச்சைப் பெயின்ட், விலையும் கட்டுப்படியாக இருந்தது. எட்டு மாதம் கழித்து எஞ்சின் போல்ட் ஓட்டைகளிலிருந்து டிகாஷன் நிறத்தில் தண்ணீர் கசிய ஆரம்பித்தது. உள்பக்கத்தை அறுத்துப் பார்த்தோம். ஃபைபர் இரண்டு பக்கமும் நன்றாகத்தான் இருக்கிறது, நடுவில் இருந்த பிளைவுட் டீயில் ஊறிய ரஸ்க் மாதிரி விரலோடு வந்தது. அந்த எஞ்சினோடு அவர் ஐப்பசிக் கடலிலும் போய்வந்திருக்கிறார். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

பின்பலகை முழுக்க ஃபைபர் இல்லை. நடுவில் பிளைவுட் வைத்து இரண்டு பக்கமும் ஃபைபர் போர்த்துவதுதான் வழக்கம். கட்டுகிற இடத்தில் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட்டா என்று கேளுங்கள், வெட்டி மிச்சமான துண்டில் அந்த முத்திரையைக் கண்ணால் பாருங்கள். சாதா பிளைவுட் போட்டு மூடிவிட்டால் வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. பழைய படகு என்றால் ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்து, எஞ்சின் உட்காரும் இடம், தண்ணீர் வடியும் ஓட்டையைச் சுற்றி, கீழ் மூலைகள் என்று ஒரு விரற்கடை விட்டு விட்டுத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் ‘டக் டக்’ என்று கெட்டியாகச் சத்தம் கொடுக்கும், ஊறிப்போன இடம் ‘பொத்’தென்று சொல்லும். ஒரு தடவை கேட்டால் போதும், காது மறக்காது. அப்புறம் எஞ்சினை முழுக்கச் சாய்த்துத் தூக்கி வைத்து, அதன் காலைப் பிடித்து ஒருவர் மேலும் கீழும் ஆட்ட, நீங்கள் பக்கவாட்டில் நின்று பலகையைப் பாருங்கள். பலகை எஞ்சினோடு சேர்ந்து அசைந்தால் அந்த விலைக்கு வேண்டாம்.

[திரையில்: அணியத்திலிருந்து பின்பக்கமான அமரம் வரை மெதுவாக நகர்கிறது]

சரி, எந்தப் படகு? அது உங்கள் கரையைப் பொறுத்தது. சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வரை திறந்த கடல், அலை உடைகிற இடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும், திரும்பி வரும்போதும் அதே அலை முதுகில் தள்ளும். இங்கே அணியம் உயர்ந்து இருக்க வேண்டும், அடிப்பகுதி மணலில் இழுபடுவதைத் தாங்க வேண்டும். பாக் விரிகுடா வேறு மாதிரி. ஆழம் குறைவு, பெரிய அலை உடைவது கிடையாது, அங்கே தட்டையான அடி, தண்ணீருக்குள் குறைவாக அமிழ்கிற படகு போதும். குமரி மாவட்டத்து மேற்குக் கரையில் ஜூன் முதல் தென்மேற்குப் பருவத்தில் கடல் அடிக்கிற அடியே தனி. ஒரு கரையில் நன்றாக ஓடிய படகை விலை மலிவு என்று இன்னொரு கரைக்கு லாரியில் ஏற்றி வந்து கஷ்டப்பட்டவர்கள் நிறையப் பேர்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்கு அப்புறம் நம் கரையில் ஃபைபர் படகுகள் ஒரேயடியாகப் பெருகின. அவசரத்தில் கட்டிக் கொடுத்த நிவாரணப் படகுகளில் தரம் குறைந்தவையும் கலந்திருந்தன, கட்டுமரத்திலிருந்து நேராக ஃபைபருக்கு மாறியவர்களுக்கு எதைச் சரிபார்ப்பது என்று சொல்லித்தர ஆள் இல்லை. அதனால்தான் இதை விளக்கமாகச் சொல்கிறேன். ஃபைபரில் வலு கொடுப்பது கண்ணாடி இழை. ரெசின் அந்த இழைகளைப் பிடித்து வைக்கிற பசை, அவ்வளவுதான். ரெசினை அதிகமாக ஊற்றினால் படகு கனக்கும், வலு கூடாது, அடி விழுந்தால் நொறுங்கும். இழையை ஒவ்வொரு அடுக்காக வைத்து, ரெசின் தடவி, ரோலரால் காற்றுக் குமிழி போகும் வரை உருட்ட வேண்டும். கட்டுகிற இடத்துக்குப் போனால் இந்த ரோலர் வேலையைத்தான் பார்க்க வேண்டும், எத்தனை பேர் உருட்டுகிறார்கள், எவ்வளவு பொறுமையாக உருட்டுகிறார்கள் என்று. ரெசினை இறுக வைக்கிற ஹார்டனரை 1 முதல் 2 சதவீதம் அளவில் அளந்து ஊற்ற வேண்டும், கண் அளவில் ஊற்றுகிற இடத்தில் படகு கட்டக் கொடுக்காதீர்கள். படகில் ஏதாவது ஓட்டை போட்டால் அந்த வட்டத் துண்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை அடுக்கு, நடுவில் குமிழி உண்டா, எவ்வளவு தடிமன், எல்லாம் அந்தத் துண்டிலேயே தெரியும். வெளியே ஜெல்கோட்டில், அதாவது மேல்பூச்சில், சிலந்தி வலை மாதிரி விரிசல் இருந்தால் உள்பக்கம் அதே இடத்தைப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகப் பூத்திருந்தால் இழை உடைந்திருக்கிறது, அது பெயின்ட்டில் போகிற விஷயம் இல்லை.

இன்னொன்று மிதவை. கட்டுமரம் கவிழ்ந்தாலும் மூழ்காது, அது மரம். ஃபைபர் தண்ணீரை விடக் கனமானது, தண்ணீர் ஏறினால் கீழே போகும். 600 கிலோ ஃபைபர் கூடு தண்ணீருக்குள் சுமார் 200 கிலோ எடையாக இழுக்கும், அதோடு எஞ்சின், நங்கூரம், பிடித்துக்கொண்டு மிதக்கிற நாலு பேர் என்று கணக்குப் போட்டால் 300 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் குடிக்காத ஃபோம் உள்ளே இருக்க வேண்டும், ஏனென்றால் ஒரு லிட்டர் ஃபோம் ஏறக்குறைய ஒரு கிலோவைத் தூக்கும். அதைப் படகின் இரண்டு பக்கமும் மேல்வாக்கில் பிரித்து வைத்தால்தான் படகு நிமிர்ந்து மிதக்கும். பழைய படகில் மிதவை அறையைத் திறந்து ஃபோமை அழுத்திப் பாருங்கள். தண்ணீர் குடித்த ஃபோம் மிதவை இல்லை, சுமை.

[திரையில்: எஞ்சின் அருகில், மேல் மூடி திறந்திருக்கிறது]

இப்போது எஞ்சின். இங்கே ஒரு கணக்கு சொல்கிறேன், பேனா எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீரை ஒதுக்கிக்கொண்டு போகிற கனமான படகுக்கு வேகத்தில் ஒரு எல்லை உண்டு. தண்ணீரில் தொடுகிற நீளத்தை அடியில் எடுத்து அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் அந்த எல்லை நாட் கணக்கில் வரும், ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல். 25 அடி என்றால் வர்க்கமூலம் 5, ஆக 6.7 நாட். வலை, ஐஸ், ஆள் எல்லாம் ஏறிய 28 அடிப் படகை 9.9 ஹெச்பி எஞ்சின் கிட்டத்தட்ட அந்த வேகத்துக்குக் கொண்டுபோய்விடும். அதே படகில் 25 ஹெச்பி மாட்டினால் இரண்டரை மடங்கு வேகம் வராது, அணியம் தூக்கிக்கொண்டு அமரம் உட்கார்ந்து பின்னால் பெரிய அலையை இழுத்துக்கொண்டு போகும், எரிபொருள்தான் கரையும். டூ ஸ்ட்ரோக் எஞ்சின் முழு வேகத்தில் ஒரு ஹெச்பிக்கு மணிக்கு சுமார் அரை லிட்டர் குடிக்கும். 9.9-க்கு 5 லிட்டர், 25-க்கு 12 லிட்டருக்கு மேல். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் ஓட்டினால் என்ன வித்தியாசம் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். லேசான படகு, தூரத் தொழில், மீனோடு சீக்கிரம் ஏலத்துக்கு வந்து சேர வேண்டும் என்றால் பெரிய எஞ்சினுக்கு நியாயம் உண்டு. பக்கத்துப் படகில் இருக்கிறது என்பது நியாயம் இல்லை.

டீசலா, பின்பலகையில் அப்படியே தொங்கவிடுகிற அவுட்போர்டா என்ற கேள்வியும் வரும். கிரீவ்ஸ் லம்பார்டினி மாதிரி ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சினில் நீள வால், அதாவது நுனியில் ப்ரொப்பல்லர் உள்ள நீளத் தண்டு, மாட்டி ஓட்டுகிறவர்கள் சோழமண்டலக் கரையில் ஏராளம். 10 ஹெச்பிக்கு மணிக்கு இரண்டரை லிட்டர் டீசல் போதும், ஊர் மெக்கானிக்கே பிரித்து மாட்டுவார். சத்தமும் அதிர்வும் அதிகம், உடம்புக்குக் கஷ்டம். தினமும் வலை போட்டு இழுக்கிற தொழிலுக்கு என் ஓட்டு டீசலுக்குத்தான், தூண்டிலுக்கும் குறைந்த தூரத்துக்கும் 9.9 அவுட்போர்டு.

அவுட்போர்டு வாங்கினால் கால் நீளம் பார்த்து வாங்குங்கள். குட்டைக்கால் 15 அங்குலப் பலகைக்கு, நீளக்கால் 20 அங்குலத்துக்கு. மாட்டிய பிறகு படகின் அடியில் நேரான கட்டை ஒன்றை ஏராவை, அதாவது நடு அடிக்கட்டையை, ஒட்டி வைத்துப் பின்னால் நீட்டுங்கள். ப்ரொப்பல்லருக்கு மேலே தட்டையாக ஒரு தகடு இருக்கிறதே, அது அந்தக் கட்டைக்குச் சமமாகவோ ஓர் அங்குலம் கீழேயோ நிற்க வேண்டும். உயரமாக நின்றால் அலையில் ப்ரொப்பல்லர் காற்றைக் கடித்து வீணாகச் சுற்றும், ரொம்பத் தாழ்ந்தால் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு வேகம் குறையும்.

[திரையில்: துளை போடும் கை, மிக அருகில்]

எஞ்சினைப் பலகையோடு பிடிக்கிற கைத்திருகு இரண்டை மட்டும் நம்பாதீர்கள், போல்ட் போட்டு முடுக்குங்கள். ஆனால் இந்தத் துளைதான் சித்தப்பாவின் பலகையைக் கெடுத்தது, அதனால் பொறுமையாகச் செய்ய வேண்டும். போல்ட்டை விடப் பெரிதாக முதலில் துளை போடுங்கள், தூசியைத் துடைத்து நன்றாகக் காய விடுங்கள், உள்ளே எபாக்சிப் பசை ஊற்றி இறுக விடுங்கள், மறுநாள் அதன் நடுவில் போல்ட் அளவுக்குத் துளை போடுங்கள். இப்போது துளையின் சுவர் எபாக்சி, மரம் எங்கும் வெளியே தெரியாது. அதற்கு மேல் சீலன்ட் தடவி, துருப்பிடிக்காத ஸ்டீல் போல்ட், பெரிய வாஷர். ஒரு நாள் கூடுதலாகும். பரவாயில்லை. எஞ்சினுக்கும் படகுக்கும் ஒரு சங்கிலியும் கட்டிவிடுங்கள், திருகு கழன்றால் எஞ்சின் கடலில் போகாது.

ப்ரொப்பல்லரைக் கடைக்காரர் கொடுத்ததோடு விட்டுவிடாதீர்கள். வழக்கமான சுமையை ஏற்றி முழு வேகத்தில் ஓட்டும்போது எஞ்சினின் சுற்று, கையேட்டில் சொன்ன எல்லைக்குள் வர வேண்டும். அந்த அளவுக்கு ஏறவில்லை என்றால் பிட்ச், அதாவது ப்ரொப்பல்லர் ஒரு சுற்றில் முன்னேற வேண்டிய தூரம், அதிகம், எஞ்சின் திணறுகிறது. பிட்சை ஓர் அங்குலம் குறைத்தால் சுற்று 150 முதல் 200 வரை ஏறும். திணறியபடியே ஓடிய எஞ்சின் கரி பிடித்துச் சீக்கிரம் கெடும், மண்ணெண்ணெயில் ஓடுகிற எஞ்சின் என்றால் இன்னும் சீக்கிரம்.

மண்ணெண்ணெய் எஞ்சினைப் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் மாற்ற வேண்டும், நிறுத்துவதற்கு முன் மறுபடி பெட்ரோலுக்கு வந்து கார்புரேட்டரில் உள்ள மண்ணெண்ணெயை எரித்துவிட வேண்டும். இந்தக் கடைசி வேலையை அசதியில் விட்டால் மறுநாள் விடியற்காலையில் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் போகும். ஆயில் டி.சி.-டபிள்யூ3 என்று எழுதியதாக இருக்கட்டும், பைக் ஆயில் வேண்டாம். ஸ்டார்ட் ஆகிப் பத்து நிமிடத்தில் எஞ்சின் அணைந்தால் மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன் டேங்க் மூடியில் உள்ள காற்றுத் திருகைப் பாருங்கள், மூடியிருக்கும்.

பாதுகாப்புப் பொருட்களில் பேரம் பேசாதீர்கள். ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், ஜி.பி.எஸ்., வி.ஹெச்.எஃப். வயர்லெஸ் வைத்திருந்தால் ஆபத்துக்குக் கூப்பிட சேனல் 16, கடலோரக் காவல்படையின் 1554 எண் எல்லோர் போனிலும். எஞ்சினோடு வருகிற சிவப்புச் சுருள் கயிற்றை மணிக்கட்டில் மாட்டுங்கள், ஆள் கடலில் விழுந்தால் எஞ்சின் தானாக நின்றுவிடும். தனியாகப் போகிறவர்களிடம் இதைக் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன், அந்தக் கயிறு இல்லாவிட்டால் படகு உங்களை விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும்.

[திரையில்: எஞ்சின் பக்கவாட்டிலிருந்து பீய்ச்சும் தண்ணீர்]

ஓடும்போதெல்லாம் இந்தத் தண்ணீர் இப்படி வேகமாகப் பீய்ச்ச வேண்டும். மெலிந்து சொட்டினால் உடனே அணைத்துவிடுங்கள், உள்ளே பாலித்தீன் பை உறிஞ்சியிருக்கும் அல்லது பம்பின் ரப்பர் இம்பெல்லர் தேய்ந்திருக்கும், அதை வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுவது நல்லது. கரைக்கு வந்ததும் பத்து நிமிடம் நல்ல தண்ணீரில் ஓடவிடுங்கள். எஞ்சினில் பொருத்தியிருக்கிற துத்தநாகக் கட்டிக்குப் பெயின்ட் அடிக்காதீர்கள், அது கரைந்தால்தான் எஞ்சினின் அலுமினியம் கரையாமல் இருக்கும். முதல் சர்வீஸில் கியர் ஆயிலை வடிக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் சீல் வழியாக உப்புத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, சீலை மாற்றிவிட்டுத்தான் கடலுக்குப் போக வேண்டும்.