பெரியவர்களின் எடையை யார் பார்ப்பது?

(அக்டோபர் 1, முதியோர் நாளன்று கடலூர் மஞ்சக்குப்பத்தில், ஓய்வு பெற்ற கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, அவர்களைக் கைப்பிடித்து அழைத்து வந்திருக்கும் பிள்ளைகளே, மருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

பணியில் இருந்த காலமெல்லாம் இந்தக் கடற்கரைக் குப்பங்களில் குழந்தைகளை எடை பார்த்தவள் நான். தராசுக் கொக்கியில் துணியை மாட்டி, அதில் குழந்தையை உட்கார வைத்து, அது வீறிட்டு அழ, முள் ஆடாமல் நிற்கும்வரை காத்திருந்து, அட்டையில் புள்ளி வைத்துப் போன மாதப் புள்ளியோடு கோடு இழுப்பேன். கோடு தாழ்ந்தால் அன்றைக்கே அந்த வீட்டுக்குப் போய்விடுவேன். போனால், திண்ணையில் அந்தக் குழந்தையின் பாட்டி உட்கார்ந்திருப்பார். கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு துருத்தி, ரவிக்கை தோளில் நிற்காமல் வழுக்கிக்கொண்டிருக்கும். "எப்படிம்மா இருக்கீங்க?" என்று கேட்பேன், "இருக்கேம்மா" என்பார். அவரையும் எடை பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

என் தாயாரைக் காய்ச்சலென்று மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றபோது, வாசலில் இருந்த எடைக்கருவியில் ஏற்றினார்கள். 34 கிலோ காட்டியது. ஆறு மாதத்துக்கு முன்பு எவ்வளவு இருந்தார் என்று மருத்துவர் கேட்டார். ஊர்க் குழந்தைகளின் எடையையெல்லாம் நினைவிலிருந்தே சொல்லக்கூடிய எனக்கு, என்னைப் பெற்றவளின் எடை தெரியவில்லை. அன்று தலைகுனிந்து நின்றதுதான் என்னை இந்த மேடைக்குக் கொண்டுவந்திருக்கிறது.

வளரும் நாடுகளில் ஊட்டச்சத்துப் பணி என்றாலே தாயும் சேயும்தான். நம் நாட்டில் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டமும் அப்படி அமைந்ததே. அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை, அதனால் பிழைத்த குழந்தைகளை நானே தூக்கியிருக்கிறேன். ஆனால் 2050ஆம் ஆண்டில் உலகின் முதியவர்களில் ஐந்தில் நால்வர் நம்மைப் போன்ற குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில்தான் வாழ்வார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இந்தியாவில் 2017–18இல் களப்பணி நடத்திய தேசிய முதுமை ஆய்வில், 60 வயதைக் கடந்தவர்களில் 27 விழுக்காட்டினர் எடை குறைந்தவர்களாகவும், 22 விழுக்காட்டினர் எடை மிகுந்தவர்களாகவும் இருந்தனர். இரு பக்கமும் சிக்கல்தான். இன்று நான் மெலிந்தவர்களைப் பற்றியே பேசப்போகிறேன். ஏனென்றால் பருத்தவருக்கு மருத்துவர் எச்சரிக்கை சொல்கிறார், மெலிந்தவரை "வயசாயிட்டா அப்படித்தான்" என்று நாம் விட்டுவிடுகிறோம்.

வயதானால் உடலுக்கு மாவுச்சத்தும் கொழுப்பும் தரும் ஆற்றல் ஓரளவு குறைவாகவே போதும் என்பது உண்மை. புரதத்தின் தேவை அப்படிக் குறைவதில்லை. உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் என்பது வளர்ந்தவர்களுக்கு நம் நாட்டில் வகுத்த அளவு. முதியவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்பது இத்துறை வல்லுநர் பலரின் கருத்து. அது கிடைக்காவிட்டால் உடல் தன் தசையையே கரைத்துக்கொள்கிறது. வயிற்றில் அமிலம் குறைவதால் உணவிலுள்ள பி12 உயிர்ச்சத்து சரியாகச் சேர்வதில்லை. அதே வெயிலில் நின்றாலும் மூத்த தோல் முன்போல டி உயிர்ச்சத்தை ஆக்குவதில்லை. தாகம் எடுக்கும் உணர்வும் மங்குகிறது. ஆகவே, உண்ணும் அளவு குறையும்போது உணவின் தரம் கூட வேண்டும். நம் வீடுகளில் இரண்டும் சேர்ந்தே குறைகின்றன.

தேவனாம்பட்டினத்தில் ஒரு மூதாட்டியோடு ஒருநாள் முழுவதும் இருந்து, அவர் உண்டதை எழுதி வைத்தேன். எடை 40 கிலோ. வாயில் நான்கு பற்கள். காலையில் டீயும் இரண்டு பொறையும். நண்பகலில் சோறும் மீன் குழம்பும். மருமகள் மீன் துண்டைக் குறைவில்லாமல் வைத்தார், பாட்டியோ அதை எடுத்துப் பேரனின் தட்டில் வைத்துவிட்டு, "எனக்கென்னாத்துக்கு, புள்ள தின்னட்டும்" என்று குழம்பை மட்டும் பிசைந்துகொண்டார். மாலையில் மீண்டும் டீ. இரவில் இரண்டு கைப்பிடிச் சோறு, ரசம். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். புரதம் 20 கிராம் அளவில் நின்றது. தேவையோ குறைந்தது 33 கிராம். அந்த வீட்டில் பஞ்சமில்லை, மருமகள் கொடுமைக்காரியுமில்லை. கட்டுமரத்திலிருந்து மீன் வந்து இறங்கும் வீட்டில்தான் இது நடந்தது. இரவில் ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டேன். நடு இரவில் எழுந்து வெளியே போக வேண்டியிருக்குமே, விளக்கில்லாத இடம், விழுந்துவிட்டால் யாருக்குத் தொந்தரவு என்றார். அதற்காகவே பொழுது சாய்ந்ததும் தண்ணீரையும் நிறுத்திவிடுகிறார். கழிப்பறைக்குச் செல்லும் வழியில் ஒரு விளக்குப் போடுவதும் ஊட்டச்சத்துப் பணிதான் என்பதை அந்தப் பாட்டியிடம் கற்றேன்.

இப்படி மெலிவதால் என்ன நேர்கிறது? 1990களில் மலாவி நாட்டின் கிராமங்களிலும், தான்சானியாவில் தங்கியிருந்த ருவாண்டா அகதிகளிடையிலும் முதியவர்களை அளந்து பார்த்த ஆய்வாளர்கள், மெலிந்தவர்களின் கைப்பிடி வலிமை குறைந்திருப்பதைக் கண்டார்கள். கைப்பிடி வலிமை என்பது அடிபம்பை அடிப்பது, குடத்தைத் தூக்குவது, பேருந்துக் கம்பியைப் பற்றிக்கொள்வது, சோற்றுப் பானையை இறக்குவது. இவை போய்விட்டால் உணவுக்கும் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டும். அந்தக் கை வராத நாளில் உணவு இன்னும் குறையும்.

இன்னொன்றைச் சற்று அழுத்தியே சொல்ல விரும்புகிறேன். சர்க்கரை நோய் என்றதும் "சோற்றைக் குறைங்க" என்று சொல்லிவிடுகிறோம். குறைத்த சோற்றின் இடத்தில் எதை வைப்பது என்று சொல்வதில்லை. பெரியவர் அரை வயிற்றோடு மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டுக்கொண்டு, உச்சி வேளையில் வியர்த்து மயங்குகிறார். சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுநாள் உட்கொள்பவர்களுக்குப் பி12 குறைய வாய்ப்பு உண்டு என்பதையும் மருத்துவரிடம் நினைவூட்டுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பத்தியத்தை மட்டும் கூர்ந்து பாருங்கள்.

குறைத்த சோற்றின் இடத்தை நிரப்ப நம் ஊரிலேயே பொருள் இருக்கிறது. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். 50 கிராம் பொட்டுக்கடலையை மாவாக்கினால் 11 கிராம். பல் வேண்டாம், மோரில் கரைத்துக் குடிக்கலாம். நெத்திலியைக் குழைய வேகவைத்தால் முள்ளோடு உண்ணலாம், சுண்ணாம்புச் சத்தும் சேரும். கருவாடு வேண்டாம் என்பேன், இரத்த அழுத்தம் உள்ளவருக்கு உப்பு ஆகாது. கேழ்வரகுக் கூழை விட்டுவிடாதீர்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டே புரதத்தைக் கூட்ட வேண்டும்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன். 1982இல் குழந்தைகளுக்காகத் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில், அடுத்த ஆண்டே முதியோர் ஓய்வூதியம் பெறுவோரையும் சேர்த்த மாநிலம் இது. ஆனால் சத்துணவு மையம் வரை நடக்க முடிந்தவருக்கே அந்தச் சோறு. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள முதியவர்களுக்கு ஓய்வூதியத்தில் மத்திய அரசு தரும் பங்கு, 79 வயது வரை மாதம் 200 ரூபாய். நாளுக்கு ஒரு முட்டை வாங்கினால் அது தீர்ந்துவிடும். வடலூரில் வள்ளலார் 1867இல் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றும் அணையவில்லை. அந்தப் பந்தியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அடுத்த முறை போகும்போது பாருங்கள். நரைத்த தலைகளே மிகுதி.

மாத்திரை கொடுக்க வீடு தேடி வரும் சுகாதாரப் பணியாளர், அதைக் குறிக்கும் அட்டையிலேயே எடையையும் குறித்துவிட்டுப் போகலாம். முதுகு கூனியவரின் உயரத்தை அளக்க இயலாது என்பார்கள். அவருக்குக் கெண்டைக்காலை அளந்தால் போதும். மிகப் பருத்த இடத்தில் சுற்றளவு 31 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் தசை கரைந்திருக்கிறது என்று ஐயுற வேண்டும். தையற்காரர் டேப்பில் அது 12 அங்குலத்துக்குச் சற்றே மேல். மூன்று மாதத்தில் 3 கிலோவுக்கு மேல் இறங்கியிருந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். காசநோயோ வேறு நோயோ மறைந்திருக்கலாம்.

கதவருகே ஒரு எடைக்கருவியும் டேப்பும் வைத்திருக்கிறேன். வந்திருக்கும் பெரியவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுங்கள். எண்ணை நான் ஒரு சீட்டில் எழுதி, இன்றைய தேதியிட்டு, உங்களோடு வந்த பிள்ளையின் கையில் கொடுப்பேன். நடக்க முடியாமல் வீட்டில் இருப்பவர்களின் முகவரியைச் சொல்லுங்கள், கருவியைத் தூக்கிக்கொண்டு நானே வருகிறேன்.