உதட்டைத் தூக்கிப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். நாய் வளர்க்கும் வீட்டுக்கு யாராவது வந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நாய் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்து அவர் முகத்தை நக்கப் பார்க்கும். வந்தவர் மூக்கைச் சுளித்து முகத்தைத் திருப்பிக்கொள்வார். உடனே வீட்டுக்காரர், "நாய் வாய்னா அப்படித்தான் நாறும்" என்பார். கால்நடை மருத்துவராக இருந்த இத்தனை வருஷத்தில் நான் அதிகமாக மறுத்துப் பேசியது இந்த ஒரு பேச்சைத்தான். நாய் வாய் நாறக் கூடாது. பூனை வாயும் நாறக் கூடாது. சாப்பிட்ட சாப்பாட்டின் வாடை கொஞ்ச நேரம் இருக்கலாம், அதில் தவறில்லை. ஆனால் நாள் முழுக்க, தினமும், கிட்டே போனாலே குமட்டுகிற மாதிரி இருந்தால் ஈறு கெட்டுப்போயிருக்கிறது என்று பெரும்பாலும் நினைத்துக்கொள்ளலாம்.

இப்படிச் சொன்னால் அடுத்த பதில் தயாராக இருக்கும். "இல்லை டாக்டர், நல்லா சாப்பிடுறானே!"

இந்தப் பதிலைப் பற்றித்தான் இன்றைக்கு முக்கியமாகப் பேச வந்தேன். நமக்குப் பல் வலித்தால் சாப்பாடு இறங்காது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம். நாயும் பூனையும் அப்படி இல்லை. வலியை வெளியே காட்டாமல் இருப்பது அவற்றின் பிறவிக்குணம். பசித்தால் சாப்பிடும். வலிக்கிற பக்கத்தை விட்டு மற்ற பக்கத்தால் மெல்லும். இரண்டு பக்கமும் வலித்தால் மெல்லாமலே விழுங்கிவிடும். தட்டு காலியாக இருப்பதை நாம் பார்க்கிறோம். அது எப்படிக் காலியானது என்று நின்று பார்ப்பதில்லை. அதனால் மறுபடியும் சொல்கிறேன்: சாப்பிடுகிறது என்பதால் வலி இல்லை என்று ஆகிவிடாது.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு நாயிடமிருந்து. மணி என்று பெயர், ஒன்பது வயது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. மணியை அழைத்துவந்த பெரியவர், "கண்ணுக்குக் கீழே வீங்கியிருக்கு, ஏதோ பூச்சி கடிச்சிருக்கும்" என்றார். நேயர்களே, உங்கள் விரலை உங்கள் கண்ணுக்கு நேர் கீழே, கன்னத்து எலும்பின் மேல் வைத்துப் பாருங்கள். மணிக்கு வீக்கம் ஏறக்குறைய அந்த இடத்தில்தான். நான் கண்ணைச் சோதித்தேன். கண்ணில் குறை இல்லை. சீழ் பிடித்திருக்கிறது என்று மருந்து கொடுத்தேன். ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்துவிட்டது. பெரியவருக்குச் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம்.

இரண்டு மாதம் கழித்து அதே இடத்தில் அதே வீக்கம். மறுபடி மருந்து, மறுபடி வடிந்தது. மூன்றாவது தடவை வந்தபோது வீக்கம் உடைந்து, கண்ணுக்குக் கீழே சின்ன ஓட்டை வழியாகச் சீழ் கசிந்துகொண்டிருந்தது. அன்றைக்கு எங்கள் மூத்த மருத்துவர் பக்கத்தில் இருந்தார். அவர் கண்ணைப் பார்க்கவே இல்லை. மணியின் மேலுதட்டை விரலால் தூக்கினார், அவ்வளவுதான். மேல் வரிசையில் பின்பக்கம் இருக்கிற பெரிய கடைவாய்ப்பல்லின் வெளிப்புறம் சில்லாகப் பெயர்ந்து போயிருந்தது. உள்ளே நரம்பு இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு புள்ளி.

அந்தப் பல்லுக்கு மூன்று வேர். வேர்கள் மேலே போய் முடிகிற இடம், நீங்கள் இப்போது விரலை வைத்திருக்கிறீர்களே, அதற்குப் பக்கம்தான். பல் உடைந்து நரம்பு திறந்துவிட்டது, அது வழியாகக் கிருமி வேர் நுனிக்குப் போயிருக்கிறது. அங்கே கட்டிய சீழ்தான் கண்ணுக்குக் கீழே வீங்கியது. என் மருந்து சீழை அடக்கியது. செத்த பல் உள்ளேயே இருந்ததால் மறுபடி மறுபடி வந்தது. எதைக் கடித்துப் பல் உடைந்தது என்று கேட்டோம். பெரிய எலும்புத் துண்டு. "பல்லுக்கு நல்லதுன்னுதானே கொடுத்தேன்" என்றார் பெரியவர். அவர் முகத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

மயக்க மருந்து கொடுத்து அந்தப் பல்லை எடுத்தோம். பத்து நாள் கழித்து மணி வந்தான். வாயில் ஒரு பந்து! கீழே போடவே மாட்டேன் என்கிறான். பெரியவர் சொன்னார்: "ரெண்டு வருஷமா பந்தைத் தொடவே இல்லை. வயசாயிடுச்சு, விளையாட்டில் இஷ்டம் போயிடுச்சுன்னு நினைச்சேன்." இரண்டு வருஷம்! மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டு, வாலை ஆட்டிக்கொண்டு, அந்தப் பல்லோடு இருந்திருக்கிறான். அதற்கப்புறம் எந்த நாய் எந்தக் காரணத்துக்காக வந்தாலும், உதட்டைத் தூக்கிப் பார்க்காமல் நான் அனுப்பியதில்லை.

கடிக்கக் கொடுக்கும் பொருளுக்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள். கொஞ்சமாவது பதிந்தால் கொடுக்கலாம். பதியவே இல்லை என்றால் அது பல்லை உடைக்கும். பெரிய எலும்பு, கொம்பு, குளம்பு, கல் எல்லாம் இதில் அடக்கம். டென்னிஸ் பந்து பல்லை உடைக்காது. ஆனால் அதன் மேலிருக்கும் சொரசொரப்பில் மண் சேர்ந்து, எந்நேரமும் மென்றுகொண்டே இருக்கிற நாயின் பல்லைத் தேய்த்துவிடும்.

சரி, உடையாத பல்லுக்கு என்ன ஆகிறது? நாய்க்கு 42 பல், பூனைக்கு 30. ஒவ்வொரு பல்லின் மேலும் தினமும் வழவழவென்று ஒரு படலம் சேர்கிறது. காலையில் எழுந்ததும் நாக்கால் உங்கள் பல்லைத் தடவிப் பாருங்கள், தெரியும். இந்தப் படலத்தைத் துடைத்தால் போய்விடும். விட்டுவிட்டால் எச்சிலில் இருக்கும் உப்புகள் சேர்ந்து இரண்டு மூன்று நாளிலேயே கெட்டியாகத் தொடங்கிவிடும். அதுதான் மஞ்சளும் பழுப்புமாக ஒட்டிக்கொள்கிற காரை. காரை வந்தபின் பிரஷால் போகாது. ஈறு சிவந்து வீங்கியிருக்கும் கட்டத்தில் சுத்தம் செய்தால் ஈறு பழையபடி ஆகிவிடும். அதையும் தாண்டிப் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரைந்துவிட்டால், கரைந்தது பெரும்பாலும் திரும்பாது. சின்ன நாய்களுக்குத் தாடை சிறியது, பல் நெருக்கமாக இருக்கும், அதனால் அவற்றுக்குச் சீக்கிரம் வரும். எலும்பு அப்படிக் கரைந்து, சும்மா கட்டிலில் இருந்து குதித்ததற்கே தாடை முறிந்த சின்ன நாய்களை நான் பார்த்திருக்கிறேன்.

பல் தேய்ப்பது கஷ்டம் என்று நினைக்காதீர்கள். ஒரு முக்கியமான விஷயம்: ஈறு ஏற்கனவே புண்ணாக இருந்தால் தேய்க்க ஆரம்பிக்கவே கூடாது. முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். வலியோடு ஆரம்பித்தால் பிரஷைக் கண்டாலே ஓடும். ஆரோக்கியமான வாய் என்றால் முதல் சில நாள் உதட்டைத் தூக்குவது மட்டும். அப்புறம் விரலால் தடவுவது. அப்புறம் விரலில் மெல்லிய துணி. பிரஷ் கடைசியில்தான். வாயைத் திறக்க வேண்டாம். கன்னம் படுகிற வெளிப்பக்கத்தைத் தேய்த்தால் பெரும்பகுதி வேலை முடிந்தது, உள்பக்கத்தை நாக்கு ஓரளவு பார்த்துக்கொள்ளும். பக்கத்துக்கு அரை நிமிஷம். தினமும் செய்ய வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை என்றால் அதற்குள் காரை வந்துவிடும், கணக்கு உங்களுக்கே புரியும்.

நம் டூத் பேஸ்ட்டைப் போடாதீர்கள். அவற்றுக்குத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும். சில பேஸ்ட்டில் சைலிடால் என்ற இனிப்பு இருக்கும். நாய்க்கு அது விஷம். ரத்தத்தில் சர்க்கரை வேகமாக இறங்கும், கல்லீரலும் கெடலாம். நாய், பூனைக்கென்று தனி பேஸ்ட் இருக்கிறது. அது கிடைக்காவிட்டால் வெறும் தண்ணீரில் நனைத்த பிரஷே போதும்.

மயக்க மருந்து இல்லாமல் காரையைச் சுரண்டித் தருகிறோம் என்று சிலர் சொல்வார்கள். நேயர்களே, தயவுசெய்து வேண்டாம். பல் வெள்ளையாகத் தெரியும், நமக்கு நிம்மதியாக இருக்கும். நோய் இருப்பதோ ஈற்றுக்கு அடியில். முழித்திருக்கிற விலங்கு அங்கே கருவியை விடாது, எக்ஸ்ரேயும் எடுக்க முடியாது. மயக்கம் என்றால் உங்களுக்குப் பயம் இருக்கும், அது நியாயம்தான். அதற்காகத்தான் முன்னாலேயே ரத்தம், சிறுநீரகம், இதயம் எல்லாம் பார்க்கிறோம். மூச்சுக்குழாயில் டியூப் வைப்பதால் தண்ணீரும் அழுக்கும் நுரையீரலுக்குப் போகாது. வயதானதாலேயே மயக்கம் கொடுக்கக் கூடாது என்று இல்லை. உடம்பு எப்படி இருக்கிறது என்பதைப் பார்த்து உங்கள் மருத்துவர் முடிவு செய்வார்.

நேரம் ஆகிறது என்று கை காட்டுகிறார்கள். பூனைகளுக்கு நிறைய வைத்திருந்தேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பூனைக்கு ஒரு தனி வியாதி உண்டு. பல் தானாகவே கரையும். ஈற்றின் ஓரத்தில் குழி விழுந்து, அதற்குள் ஈறு வளர்ந்து சிவப்பாக ஒரு பொட்டு மாதிரித் தெரியும். வலி கடுமையாக இருக்கும். குழியை அடைத்துப் பயனில்லை, பல்லை எடுத்துவிட வேண்டும். பசியோடு தட்டுக்கு வந்து, ஒரு வாய் எடுத்ததும் சீறிவிட்டு ஓடுகிறதா? தன் உடம்பை நக்கிச் சுத்தம் செய்வதை விட்டுவிட்டதா? வாயைப் பாருங்கள். வாய் முழுக்கப் புண்ணாகி, எல்லாப் பல்லையும் எடுக்க வேண்டி வந்தாலும் பயப்படாதீர்கள். பல்லே இல்லாத பூனை நன்றாகச் சாப்பிடும். முன்னைவிட நன்றாகவே சாப்பிட்ட பூனைகளைப் பார்த்திருக்கிறேன்.

குட்டி நாய் வைத்திருப்பவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. ஏழு மாதத்துக்குள் பால் பல் எல்லாம் விழுந்திருக்க வேண்டும். ஒரே இடத்தில் இரண்டு கோரைப்பல் ஒட்டி நின்றால், தானாக விழும் என்று காத்திருக்காதீர்கள். அந்தப் பால் பல்லை மருத்துவரிடம் சொல்லி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் புதுப் பல் கோணலாக வரும். நன்றி, வணக்கம்.