தையல் சரி, டெபிட் நோட் ஏன்? ஏற்றுமதி கார்ட்டன், பேலட், லேபிள் விளக்கம்

[காட்சி: ஷூ தொழிற்சாலையின் பேக்கிங் செக்‌ஷன்]

வணக்கம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை. பழைய வட ஆற்காட்டோட இந்த ஊர்கள்ல இருந்து தோலும் ஷூவும் கன்டெய்னர் கன்டெய்னரா வெளிநாட்டுக்குப் போகுது. கட்டிங், தையல், அச்சுல மாட்டி வடிவம் குடுக்குற லாஸ்டிங்னு ஒவ்வொரு இடத்துலயும் செக்கிங் இருக்கு. ஆனா சரக்கு போய்ச் சேர்ந்த பிறகு வர்ற டெபிட் நோட்டை, அதாவது குறை சொல்லி வாங்கினவர் பணம் பிடிக்கிற சீட்டை, எடுத்துப் படிச்சா, பல நேரம் ஷூவைப் பத்தி ஒரு வரிகூட இருக்காது. பார்கோடு ஸ்கேன் ஆகல, லேபிள்ல ஒரு சைசு பெட்டிக்குள்ள வேற சைசு, பேலட்டுல (பெட்டிகளை அடுக்கித் தூக்குற மேடைப் பலகை) முத்திரை இல்ல. எல்லாமே பேக்கிங் மேஜையில நடந்தது. அதனால இன்னைக்குப் பேக்கிங் மட்டும் பேசுவோம்.

[காட்சி: 5 பிளை (5 அடுக்கு) அட்டைப்பெட்டி, குறுக்கு வெட்டு]

முதல்ல பெட்டி. பெட்டியோட பலம் எங்க இருக்கு? நாலு மூலையில. மேல அடுக்குற பாரத்தைப் பெரும்பாலும் அந்த மூலைகள்தான் தாங்குது. இங்க நிறைய பேர் கொத்தனார் செங்கல் வைக்கிற மாதிரி, ஒரு வரிசைக்கு மேல அடுத்த வரிசையை மாத்தி மாத்தி அடுக்குறாங்க. பார்க்க உறுதியாத்தான் தெரியும். ஆனா மேல் பெட்டியோட மூலை கீழ் பெட்டியோட நடுவுல உக்காருது. அடுக்கு தாங்குற பாரம் பாதி வரைக்கும்கூட குறையலாம். மூலைக்கு நேர் மூலை வைங்க. சரியாம இருக்க ஸ்ட்ரெட்ச் ஃபிலிமும், ஓரத்துக்கு ஆங்கிள் போர்டுங்கிற எல் வடிவ அட்டையும் போதும். பெட்டி பேலட்டை விட்டு ஒரு விரல் அளவுகூட வெளிய நீட்டக் கூடாது. நீட்டினா அந்தப் பக்கத்து மூலைங்க அந்தரத்துல நிக்கும்.

அதுக்குப் பெட்டி அளவையே முன்கூட்டி யோசிக்கணும். 600-க்கு 400 மில்லிமீட்டர் அடிப்பாகம் உள்ள பெட்டின்னா, 1200-க்கு 800 யூரோ பேலட்டுல ஒரு அடுக்குக்கு 4, 1200-க்கு 1000 பேலட்டுல 5, இடைவெளி இல்லாம உக்காரும். அட்டைப்பெட்டி சப்ளையர்கிட்ட ஆர்டர் குடுக்கும்போதே கேட்டு வாங்க வேண்டிய விஷயம் இது.

ஈரமும் ஒரு பிரச்சனை. ஈரம் ஏறின அட்டை பலம் இழக்கும், தோல்ல பூஞ்சை பிடிக்கும். சிலிக்கா ஜெல் பை போடுங்க. ஆனா பூஞ்சை வராதுன்னு சொல்லி யாராவது பேர் தெரியாத பொடிப் பை குடுத்தா வாங்காதீங்க. டைமெத்தில் ஃபியூமரேட்னு ஒரு பொருள் முன்னாடி அப்படிப் பைகள்ல வந்து, ஷூ போட்டவங்க தோலைப் புண்ணாக்கிச்சு. 2009-ல ஐரோப்பிய ஒன்றியம் அதைத் தடை பண்ணிச்சு. ஒரு கிலோவுக்கு 0.1 மில்லிகிராமைத் தாண்டினா அந்தச் சரக்கை அங்க விற்கவே முடியாது.

[காட்சி: மரப் பேலட்டில் கோதுமைக் கதிர் முத்திரை]

மரப் பேலட்டுக்கு ஐஎஸ்பிஎம் 15னு ஒரு சர்வதேச விதி இருக்கு. மரத்துல இருக்கிற பூச்சி நாடு தாண்டக் கூடாதுன்னு வந்தது. சூடு குடுத்துப் பதப்படுத்துற முறையில, மரத்தோட நடுப்பகுதி வரைக்கும் 56 டிகிரி சூடு 30 நிமிஷம் ஏறணும். அதுக்கு அடையாளமா கோதுமைக் கதிர் படம், இந்தியாவுக்கு ஐஎன்ங்கிற நாட்டு எழுத்து, பதப்படுத்தினவரோட எண், சூடு குடுத்ததைக் காட்டுற ஹெச்டிங்கிற எழுத்து, இதெல்லாம் முத்திரையில இருக்கணும். உடைஞ்ச பேலட்டுக்கு முத்திரை இல்லாத ஒரு சாதாப் பலகையை அடிச்சு அனுப்பினா, முழுப் பேலட்டும் விதி மீறினதாத்தான் கணக்கு. ஒட்டுப்பலகையில செஞ்ச பேலட்டுக்கு இந்த விதி கிடையாது.

[காட்சி: கார்ட்டன் லேபிள், அருகில்]

இப்ப லேபிள். பையர், அதாவது சரக்கு வாங்குற கம்பெனி, குடுத்த பேக்கிங் மேனுவல்தான் முதல் சட்டம், நான் சொல்றது பொது முறை. ஆர்டர் எண், ஆர்டிகிள் (ஷூ மாடல்), கலர், சைசு வாரியா ஜோடி எண்ணிக்கை, நிகர எடை, மொத்த எடை, கார்ட்டன் எண், எந்த நாட்டுத் தயாரிப்பு. இது அத்தனையும் பேக்கிங் லிஸ்ட்டோட எழுத்துக்கு எழுத்து பொருந்தணும். கண்ணாடிக் கோப்பை, குடை, மேல்நோக்கி அம்புன்னு கையாளுற குறிகளை ஐஎஸ்ஓ 780ங்கிற சர்வதேசத் தரநிலை சொல்ற மாதிரி போட்டா போதும்.

பேலட்டுக்குத் தனி எண் உண்டு, எஸ்எஸ்சிசின்னு பேரு, 18 இலக்கம். கடைசி இலக்கம் முன்னாடி உள்ளதை வச்சுக் கணக்குப் போட்டு வர்ற சரிபார்ப்பு எண். அதனால கையால ஒரு எண்ணை மாத்தி அடிச்சா ஸ்கேனர் கண்டுபிடிச்சிடும். ஒரு பேலட்டுக்குக் குடுத்த எண்ணை ஒரு வருஷத்துக்குள்ள இன்னொரு பேலட்டுக்குக் குடுக்கக் கூடாது. பழைய எக்செல் ஃபைலை காப்பி பண்ணி லேபிள் அடிக்கிற இடங்கள்ல இந்தத் தப்பு சுலபமா நடக்கும்.

ஒட்டுற இடத்துக்கு, பார்கோடு விதிகளை வகுக்கிற ஜிஎஸ்1 அமைப்பு அளவு குடுத்திருக்கு. பேலட்டுல பார்கோடு தரையில இருந்து 400 முதல் 800 மில்லிமீட்டர் உயரத்துல, ஓரத்துல இருந்து குறைஞ்சது 50 மில்லிமீட்டர் உள்ள தள்ளி. பக்கத்துப் பக்கத்துல இருக்கிற ரெண்டு முகத்துலயும் ஒட்டுங்க, ஃபோர்க்லிஃப்ட் எந்தப் பக்கம் வந்தாலும் தெரியும். ஃபிலிம் சுத்தி முடிச்ச பிறகு ஒட்டுங்க. பார்கோடு மேல டேப் ஒட்டாதீங்க, பளபளப்புல ஸ்கேனர் தடுமாறும். ரிப்பன் வச்சு அடிக்கிற பிரிண்டர்தான் நல்லது. ரிப்பன் இல்லாத தெர்மல் லேபிள் சூட்டுல கறுத்துடும். வேலூர் வெயில்ல நிக்கிற கன்டெய்னருக்குள்ள எவ்வளவு சூடுன்னு நமக்குத் தெரியாததா?

ஒண்ணு அழுத்திச் சொல்லணும். கடைசி நேர அவசரம் முழுசும் விழுறது பேக்கிங்ல நிக்கிற பெண்கள் மேலதான். லாரி வாசல்ல நிக்கும்போது லேபிள் கட்டைக் கையில குடுத்துட்டு, அப்புறம் அவங்களைத் திட்டுறது நியாயமே இல்ல. லேபிள் முதல் நாளே அச்சாகி, சைசு வாரியா பிரிச்சு மேஜைக்கு வரணும். அது மேலாளரோட வேலை.

கன்டெய்னர் கதவை மூடுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பேலட்டோட லேபிளையும், முத்திரையையும், கடைசியா சீல் எண்ணையும் போட்டோ எடுத்து, ஆர்டர் எண் பேர்ல ஒரே ஃபோல்டர்ல வைங்க. டெபிட் நோட் வந்தா பதில் அனுப்ப முதல்ல திறக்க வேண்டியது அந்த ஃபோல்டரைத்தான்.