ஹிப்ளரின் குரலும் லெம்மிங் எலிகளும்

(எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்தில் பேசியது)

தலைவர் அவர்களே, பிள்ளைகளை வரிசையாக அழைத்து வந்து முன்னால் உட்கார வைத்திருக்கும் தலைமை ஆசிரியர் அம்மா அவர்களே, வேலைக்கு நடுவிலும் வந்திருக்கும் வனத்துறை அலுவலர் அவர்களே, எல்லாருக்கும் வணக்கம். நூலகர் ஐயாவுக்குத் தனியாக ஒரு நன்றி. மாதம் ஒரு படம் பிள்ளைகளுக்குப் போடலாமா என்று கேட்டபோது, திரைக்கு வீட்டிலிருந்து வெள்ளை வேட்டி கொண்டு வந்து கட்டியவர் அவர்.

டிஸ்னியின் விலங்குப் படங்களுக்குக் குரல் கொடுத்த வின்ஸ்டன் ஹிப்ளரைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன்: அவர் எழுத்து, அவர் தயாரிப்பு, அவர் குரல்.

1910-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பிறந்தவர். டிஸ்னி ஸ்டுடியோவில் ‘சிண்டரெல்லா’, ‘பீட்டர் பான்’ படங்களின் கதைக்குழுவில் இருந்தார். பிறகு தயாரிப்பாளராகவும் உயர்ந்தார். ஆனால் அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அவர் முகம் தெரியாது, குரல்தான் தெரியும். 1948-இல் அலாஸ்காவின் பிரிபிலோஃப் தீவுகளில் எடுத்த கடல்நாய்ப் படத்துக்கு அவர் வர்ணனை சொன்னார். விநியோகஸ்தர் அந்தப் படத்தை நம்பவில்லை. கலிஃபோர்னியாவின் பசடேனா நகரில் ஒரே ஒரு தியேட்டரில் ஓட்டினார்கள். ஆஸ்கார் வந்தது! அதிலிருந்து பத்து வருஷத்துக்கு மேல், டிஸ்னியின் விலங்குப் படம் பாலைவனத்தைப் பற்றியதானாலும் புல்வெளியைப் பற்றியதானாலும், பேசியது அவர்தான். வீட்டுப் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது போன்ற நிதானமான குரல்.

அந்தக் குரலில்தான் நான் நிற்கப் போகிறேன். ‘கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்பார்கள்.

போன மாதம் இந்த மாடியில் ஒரு சிறுமி எழுந்து என்னைக் கேட்டாள்: “தாத்தா, லெம்மிங் எலியெல்லாம் கூட்டமாப் போய்க் கடல்ல விழுந்து சாகுமாமே, நிஜமா?” வடதுருவப் பக்கத்துக் குளிர்நாடுகளில் வாழும் சின்ன எலி வகைதான் லெம்மிங். எங்கே கேட்டாய் என்றேன். “எங்க அப்பா சொன்னாரு.” அப்பாவுக்கு யார் சொன்னார்கள்? அவருக்கு அவர் வாத்தியார். இப்படியே பின்னால் போனால் ஹிப்ளர் வர்ணனை சொல்லி 1958-இல் வந்த ‘ஒயிட் வைல்டர்னஸ்’ என்ற டிஸ்னி படத்தில் போய் நிற்போம். அந்த நம்பிக்கை முன்பே உண்டு, உலகமெல்லாம் வேரூன்ற வைத்தது அந்தப் படம்.

சரி, அதை எப்படி எடுத்தார்கள்? கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில். அங்கே கடலே கிடையாது. எலிகளை அதே நாட்டின் மனிட்டோபா மாநிலத்தில், இனுவிட் என்ற வடதுருவப் பழங்குடிப் பிள்ளைகளிடம் காசு கொடுத்து வாங்கி வந்தார்கள். சுழலும் மேடை ஒன்றில் பனியைப் பரப்பி, இருந்த கொஞ்ச எலிகளை அதில் ஓடவிட்டு, பெருங்கூட்டம் போலக் காட்டினார்கள். உள்ளங்கையில் அடங்குகிற உயிர்கள், அம்மா! அப்புறம் அவற்றை ஆற்றங்கரை மேட்டிலிருந்து தண்ணீரில் தள்ளினார்கள். ஆறு படத்தில் கடலாயிற்று. படத்துக்கு ஆஸ்கார். 1982-இல் கனடாத் தொலைக்காட்சி ஒன்று விசாரித்து வெளிப்படுத்தியபோது ஹிப்ளர் இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது.

படத்தை இயக்கியது ஹிப்ளர் அல்ல, கேமரா பிடித்ததும் அவர் அல்ல. ஆனால் ஜனங்கள் நம்பியது அவர் குரலைத்தான். லெம்மிங் கூட்டம் பெருகினால் இடம் தேடிக் கிளம்பும், நீந்தும், வழியில் சில சாகும். உண்மை இவ்வளவுதான். இதையே அந்தக் குரல் சொல்லியிருந்தாலும் பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டிருப்பார்கள்.

இன்று கைபேசியில் வருகிற பாம்பு கீரிச் சண்டையையும், கிணற்றில் விழுந்த நாய்க்குட்டியைக் காப்பாற்றுகிற வீடியோவையும் பாருங்கள். யார் பிடித்து வந்து விட்டார்கள், யார் தள்ளிவிட்டார்கள் என்று கேட்கிறோமா? கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய்!

அதனால்தான் இந்தக் கோரிக்கை. பள்ளியிலும் நூலகத்திலும் காட்டுகிற ஒவ்வொரு விலங்குப் படத்துக்கும் முன்னால், எது காட்டில் எடுத்தது, எது படத்துக்காக அமைத்தது என்று தமிழில் ஒருவர் எழுந்து சொல்ல வேண்டும். தலைமை ஆசிரியர் அம்மா தலையசைக்கிறார்கள், நன்றி அம்மா. வனத்துறை ஐயா மாதம் ஒருநாள் வந்து அதைச் சொல்லித் தர இசைந்தால் இந்தப் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

கையெழுத்து நோட்டு வாசலில், நூலகர் ஐயாவின் மேசைமேல் இருக்கிறது. முதல் கையெழுத்து அந்தச் சிறுமியுடையது. வணக்கம்.