சதுக்கத்தில் அமர்ந்த ஏழு பிணங்கள்

நேயர்களுக்கு என் வணக்கம். மாய யதார்த்தக் கதை, அதாவது அன்றாட வாழ்க்கைக்குள் மாயம் இயல்பாக நிகழும் கதை என்றாலே, நிஜத்தை மறக்கச் சொல்லும் கதை என்று ஒதுக்குவோர் நம்மிடையே உண்டு. 1964 முதல் 1985 வரை ராணுவம் ஆண்ட பிரேசிலில், நிஜத்தைச் சொல்லவே போர்த்துகீசிய மொழியில் எழுதிய அந்நாட்டு எழுத்தாளர்கள் மாயத்தை நாடினார்கள் என்பது என் கட்சி.

1968 டிசம்பர் 13 அன்று வந்த ராணுவ அரசின் ஆணை, நாடாளுமன்றத்தை மூடவும் அரசியல் வழக்குகளில் ஆட்கொணர்வு மனுவைத் தடுக்கவும் வழிசெய்தது. 1970இல் நூல்களுக்கும் முன்தணிக்கை வந்தபோது, கையெழுத்துப் பிரதியைத் தணிக்கையாளரிடம் காட்டமாட்டோம் என்று நாவலாசிரியர்கள் ஜோர்ஜ் அமாதுவும் எரிக்கோ வெரீசிமோவும் வெளிப்படையாக அறிவித்தார்கள். அந்த வெரீசிமோ 1971இல் வெளியிட்ட நாவல்தான் 'அந்தாரேசில் ஒரு சம்பவம்'.

அந்தாரேஸ் என்ற கற்பனை ஊரில் பொது வேலைநிறுத்தம். குழி வெட்டுவோரும் அதில் சேர்ந்துவிட்டதால், ஏழு சவப்பெட்டிகள் புதைக்கப்படாமல் இடுகாட்டு வாசலிலேயே கிடக்கின்றன. பெட்டிக்குள் இருந்தவர்கள் எழுந்து, தத்தம் வீட்டை ஒருமுறை எட்டிப்பார்த்துவிட்டு, நண்பகல் வெயிலில் ஊர்ச் சதுக்கத்து இசைமேடையில் வந்து அமர்கிறார்கள். ஈ மொய்க்கிறது, நாற்றம் ஊரைத் தூக்குகிறது. செத்துப்போன வழக்கறிஞர் ஒருவர் எழுந்து நகரத் தலைவரின் ஊழலைப் புட்டுப்புட்டு வைக்கிறார். காவல்துறை அடித்தே கொன்ற ஜோவாவ் பாஸ் என்ற இளைஞரின் உடலும் அங்கேதான் இருக்கிறது. மருத்துவச் சான்றிதழ் என்ன சொன்னாலும் அந்த உடலின் காயங்களை ஊரே பார்க்கிறது. பிணத்தை இனி யார் கைதுசெய்வது, எதைச் சொல்லி மிரட்டுவது? மாயம் இங்கே செய்வது இது ஒன்றைத்தான்: பேசினால் உயிர் போகும் ஊரில், உயிர் போனவர்களைப் பேசவைக்கிறது.

அந்த ஆணை வந்த நாளைப் போலவே கதை நடக்கும் நாளும் டிசம்பர் 13, ஆனால் ராணுவம் வருவதற்கு முந்தைய 1963ஆம் ஆண்டு. இரண்டுமே வெள்ளிக்கிழமைகள் என்பதை நாள்காட்டியில் பார்த்துக்கொள்ளலாம்.

எனக்கு இதைவிட அச்சமூட்டுவது பிறகு நடப்பது. பிணங்கள் அடக்கமானதும், அப்படி எதுவுமே நடக்கவில்லை என்று ஊரை நம்பவைக்க, ஊர்ப் பெரியவர்கள் 'அழிப்பான் நடவடிக்கை' என்ற பெயரில் ஒரு திட்டம் வகுக்கிறார்கள். அதில் மந்திரமோ மாயமோ கிடையாது; அதிகாரிகள் கூடிப் பேசி முடிவெடுக்கிறார்கள், அவ்வளவே.

நேரம் முடிந்ததென்று நிலையத்தார் கைகாட்டிவிட்டார்கள். இன்னொரு பிரேசில் எழுத்தாளரான ஜோசே வெய்கா 1966இல் எழுதிய நாவலில் மாடுகள் ஒரு சிற்றூரை நிறைத்து, மக்கள் கதவைத் திறக்கவும் முடியாமல் அடைபட்டுப் பிறகு காரணம் தெரியாமலே விடுபடுவதை விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். அதே மொழியில் எழுதிய போர்ச்சுகல் நாவலாசிரியர் சராமாகோ தம் மாய நாவல்களை 1974இல் சர்வாதிகாரம் வீழ்ந்த பிறகே எழுதினார் என்பதால், அவர் கதை வேறு. அதற்குத் தனியே ஓர் உரை வேண்டும். வணக்கம்.